‘சார்ட்டிங்’குக்குத் தமிழில் கொழிப்பு

வெள்ளச் சமவெளிப் படிவுகளின் புள்ளியியலைத் தமிழில் எழுதும்போது நாம் தடுக்கி நிற்கும் இடம் ‘சார்ட்டிங்’ (sorting), அதாவது ஒரு படிவில் துகள்கள் எந்த அளவுக்குப் பருமன்வாரியாகப் பிரிந்து கிடக்கின்றன என்பது. சராசரி, இடைநிலை, கோட்டம் (skewness, பரவல் ஒரு பக்கமாகச் சாய்வது) எல்லாம் பாடநூல்களிலேயே இருக்கின்றன. இதற்கு மட்டும் ஆளுக்கொரு சொல்.

‘வரிசையாக்கம்’ கணினிக்குச் சரி. இங்கே எதுவும் வரிசையில் நிற்பதில்லை. ‘தரம்பிரிப்பு’ காதுக்கு இதமாக இருந்தாலும் சிக்கலில் மாட்டிவிடும். மண் பொறியியலில் நன்கு தரம்பிரிந்த (well graded) மண் என்றால், பெரிதும் சிறிதுமாக எல்லா அளவுத் துகளும் கலந்து கிடப்பது. படிவியலில் அதே மண் மோசமாகப் பிரிந்த ஒன்று. இரண்டு துறைக்கும் ‘தரம்’ போய்ச் சேர்ந்தால், ஒரே மாதிரியைப் பார்த்து இருவர் எதிரெதிராக எழுதுவார்கள்.

என் பரிந்துரை: கொழிப்பு. முறத்திலிட்டுப் பருமனையும் பொடியையும் பிரிப்பது கொழித்தல். நீர் மணலைக் கரையில் ஒதுக்குவதற்கும் அதே சொல்தான். ஆற்றின் வேலையும் இதுவே. கரைபுரண்ட வெள்ளம் வேகம் குறைந்ததும் மணலைக் கரைமேட்டிலேயே போட்டுவிடுகிறது; அதைவிட நுண்ணியவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகின்றன; களி தேங்கிய நீரில்தான் மெல்ல இறங்குகிறது. அப்படியானால் நன்கு கொழித்த படிவு, அரைகுறையாகக் கொழித்த படிவு, கொழியாத படிவு என்று இயல்பாகச் சொல்லிப் போகலாம். ‘செல்வம் கொழிக்கிறது’ என்ற பொருள் குறுக்கே வருமே என்றால், பக்கத்தில் படிவும் மணலும் இருக்கும்போது யாரும் குழம்பமாட்டார்கள்.

ஆனால் கொழிப்பை அளந்து சொல்லும் எண்ணுக்கும் இதே பெயர் வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். படிவியலாளர்கள் ஃபோக்கும் வார்டும் 1957இல் தந்த அளவீடு, துகள் பருமனின் 5, 16, 84, 95ஆம் நூற்றுமானங்களிலிருந்து (percentiles) ஃபை என்னும் பரும அலகில் கணக்கிடும் ஒருவகைத் திட்ட விலக்கம். 0.35க்குக் கீழே வந்தால் மிக நன்றாகக் கொழித்தது. 4ஐத் தாண்டினால் கொழிப்பே இல்லை எனலாம். எண் ஏற ஏறக் கொழிப்பு குறைகிறது! ‘கொழிப்பு 2.4’ என்று எழுதினால் வாசகர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார். எண்ணைப் ‘பருமப் பரவல்’ என்போம்: பரவல் அதிகம், கொழிப்பு குறைவு.

ஃபையும் இதே வம்பைச் செய்கிறது. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்துக்கு 2ஐ அடியாகக் கொண்ட மடக்கையைக் குறி மாற்றி எடுப்பதால், துகள் சிறுக்கச் சிறுக்க எண் பெருகுகிறது. 2 மில்லிமீட்டர் என்பது −1, 0.0625 என்பது 4. அதனால் நேர்க்கோட்டம், எதிர்க்கோட்டம் என்பதைவிட வால் நீளும் பக்கத்தைச் சொல்லி நுண்பக்கக் கோட்டம், பரும்பக்கக் கோட்டம் என்று எழுதுவது நல்லது.

அப்புறம், ‘வண்டல்’. ஆறு கொண்டுவந்த எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட்டு, மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட அளவுக்கும் அதையே வைத்தால் அட்டவணை நிற்காது. பொதுப்பெயர் படிவாகவே இருக்கட்டும், 0.0625 முதல் 0.0039 மில்லிமீட்டர் வரை உள்ளதை மட்டும் வண்டல் என்போம். மறுப்பு இருந்தால் ஒரு மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.