சில்வர் ஃபினிஷ் டீ-ஷர்ட் போட்டதும் அரிப்பு, காரணம் வெள்ளியா?

மேடவாக்கம்_மணி:
தம்பி சென்னையில் உணவு டெலிவரி ஓட்டுகிறான். வியர்வை நாற்றம் வராது, கிருமி அண்டாது என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் கறுப்பு டீ-ஷர்ட் வாங்கினான். லேபிளில் 'சில்வர் அயான் ஃபினிஷ், 100% பாலியெஸ்டர்'. கொஞ்ச நாளாக அக்குள் பக்கம் சிவந்து, பொரிப்பொரியாக வந்து, ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. வெள்ளி உடம்பில் இறங்கினால் தோல் நீலமாகிவிடும் என்று யூடியூப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டார். உண்மையா? அக்கா குழந்தைக்கும் இதே மாதிரி பனியன் வாங்கலாம் என்று இருந்தோம், அதையும் சொல்லுங்கள்.

திருப்பூர்_ஃபினிஷிங்:
இந்த வேலையில்தான் இருக்கிறேன். வெள்ளி முலாம் பூசிய நைலான் நூலைச் சேர்த்துப் பின்னுவது ஒரு வகை, விலை கூட. மலிவாக வருவதில் சில்வர் குளோரைடு மாதிரி எதையாவது பைண்டரோடு (ஒட்டவைக்கும் பசை) தண்ணீரில் கலந்து, துணியை அதில் முக்கிப் பிழிந்து, ஸ்டென்டரில் (துணியை விரித்துப் பிடித்துச் சூடாக்கும் இயந்திரம்) சூடு காட்டி ஒட்டவைப்பார்கள். வியர்வை பட்டால் வெள்ளி அயனி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து பாக்டீரியாவை அடிக்கும், அவ்வளவுதான். இருப்பதே சொற்பம், அதுவும் துவைக்கத் துவைக்கப் போகும். 2008இல் அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளி சாக்ஸ்களைத் தண்ணீரில் அலசிப் பார்த்ததில், சிலவற்றில் நாலே அலசலில் ஏறக்குறைய மொத்த வெள்ளியும் கழன்றுவிட்டது, சிலவற்றில் அசையவே இல்லை. எனக்கு அந்தக் கறுப்புச் சாயத்தின் மேல்தான் சந்தேகம்.

தோல்_பிரிவு_நர்ஸ்:
மணி, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். சிவப்பு அக்குள் குழிக்குள் இருக்கிறதா, இல்லை குழியைச் சுற்றி மடிப்பு ஓரத்திலா? குழிக்குள் என்றால் முதலில் டியோடரன்ட்டைச் சந்தேகப்படுவோம். குழி சுத்தமாக இருந்து ஓரம் மட்டும் சிவந்தால் அது துணி உரசுகிற இடம். இடுப்பில் வட்டம் வட்டமாக, ஓரம் தடித்து இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் மட்டும் போட்டுவிடாதீர்கள், அப்போதைக்கு அடங்கி அப்புறம் பரவும்.

நீலத் தோல் பொய் இல்லை, பேர் ஆர்ஜிரியா. ஆனால் பெரும்பாலும் வெள்ளிக் கரைசலை மருந்து என்று நம்பி நீண்ட காலம் குடித்தவர்களுக்கு வந்தது, டீ-ஷர்ட் போட்டவர்களுக்கு இல்லை. தீக்காயத்துக்கு சில்வர் சல்ஃபாடயசின் களிம்பைப் புண் மேலேயே பூசுகிறோம், அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். வெள்ளிக்கே ஒவ்வாமை என்பது அபூர்வம்.

மேடவாக்கம்_மணி:
குழி சுத்தம் அக்கா, ஓரத்தில்தான் பிறை மாதிரி சிவப்பு. இடுப்பில் ஒன்றும் இல்லை. அப்புறம், அதே கம்பெனி, அதே சில்வர் ஃபினிஷ், வெள்ளை நிறத்திலும் ஒன்று வைத்திருக்கிறானாம். அதைப் போட்டால் எதுவும் செய்யவில்லை என்கிறான்.

திருப்பூர்_ஃபினிஷிங்:
இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்! வெள்ளி இரண்டிலும் இருக்கிறது, வித்தியாசம் நிறம்தான். பாலியெஸ்டருக்குப் போடுவது டிஸ்பர்ஸ் சாயம். அது நூலோடு வேதிப்பிணைப்பு போடாது, உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கும். கறுப்பு வரவேண்டும் என்றால் பல நிறம் கலந்து அடர்த்தியாக ஏற்ற வேண்டும், சாயம் முடிந்ததும் மேலே ஒட்டி நிற்பதை ஒழுங்காகக் கழுவி எடுக்காமல் அவசரத்தில் பேக் செய்தால் வியர்வையில் கழன்று தோலுக்கு வரும். டிஸ்பர்ஸ் ப்ளூ 106, 124 இரண்டும் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. ஈரமான வெள்ளைத் துணியால் உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை ஏறாவிட்டாலும் சாயம் நிரபராதி என்று முடிவு கட்ட முடியாது.

தோல்_பிரிவு_நர்ஸ்:
பேட்ச் டெஸ்ட்தான் வழி. சந்தேகப்படும் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, தம்பி வண்டி ஓட்டி வியர்த்தால் டெஸ்ட் வீண், லீவு போடச் சொல்லுங்கள். குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு? அதன் வியர்வையில் என்ன நாற்றம் வரப்போகிறது! துவைத்துப் பழகிய பருத்தித் துணி போதும்.

ஸ்கேன்_சென்டர்_ராஜா:
நடுவில் நுழைகிறேன். வெள்ளி நூல் சேர்த்துப் பின்னிய பனியனோடு எம்.ஆர்.ஐ-க்குள் படுக்கவே கூடாது. நூல் சூடாகித் தோல் சுட்டுவிடும், வெளிநாட்டில் ஒரு குழந்தைக்கு நடந்து மருத்துவ இதழில் வந்திருக்கிறது. பார்த்தால் சாதாரணத் துணி மாதிரி இருப்பதால் நாங்கள் கேட்டாலும் யாரும் சொல்வதில்லை.

மேடவாக்கம்_மணி:
நன்றி எல்லோருக்கும். வியாழக்கிழமை தோல் டாக்டரிடம் போகிறோம். கறுப்பு டீ-ஷர்ட்டையும் எடுத்துப் போகவா?

தோல்_பிரிவு_நர்ஸ்:
கண்டிப்பாக. லேபிளை வெட்டாமல் கொண்டுபோங்கள், துணியிலேயே ஒரு துண்டு வெட்டி ஒட்டிப் பார்க்கக் கேட்கலாம்.