குக்கீஸ் மேலே உப்புத் தூவுவது ருசியா, வீண் ஜம்பமா?

உப்பளம் வாசி:
கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிற தட்டில் கல்கல், அச்சு முறுக்கோடு இந்த வருடம் வீட்டில் சுட்ட குக்கீஸும் வைக்கப் போகிறேன். பண்ருட்டி முந்திரி போட்ட வெண்ணெய்க் குக்கீஸ், மேலே துளி உப்பு. மாதிரிக்குச் சுட்டதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரே ரகளை. "இனிப்புப் பலகாரத்தில் உப்பைக் கொட்டிவிட்டுப் பெருமை வேறயா?" என்கிறார் ஒரு பெரியப்பா. இங்கேயும் கேட்டுவிடலாம் என்று வந்தேன். என் கட்சி, தாராளமாகத் தூவலாம்.

அளவு கேட்பீர்கள் என்று தெரியும். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 60, மைதா 150, உடைத்த முந்திரி 40. இருபது குக்கீஸ் வரும். வெண்ணெயையும் சர்க்கரையும் வெளுத்து வரும் வரை குழைத்து, மைதாவைச் சலித்துப் போட்டு, அழுத்திப் பிசையாமல் சேர்த்துப் பிடித்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஓடிஜி என்கிற மின்சார அடுப்பில் 170 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். ஓரம் சிவக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். தட்டை அடுப்புக்குள் வைப்பதற்கு முன் உப்பைத் தூவுகிறேன்.

முதுநகர்க்காரன்:
பெரியப்பாவுக்குக் கடலூரிலிருந்து ஒரு ஓட்டு.

"உப்பில்லாப் பண்டம்" என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அதெல்லாம் குழம்பு, கறி சமாச்சாரம். பலகாரத்துக்கு நம் வீடுகளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இனிப்புக்கு ஒரு தூக்கு, காரத்துக்கு ஒரு தூக்கு. ஒரு அதிரசம் உள்ளே போனதும் கை தானாக முறுக்கைத் தேடும், அந்த மாற்றி மாற்றித் தின்பதில்தான் ருசியே. இரண்டையும் ஒரே கடியில் திணித்தால் முறுக்குக்கு வேலை என்ன?

இந்தத் தூவல் எல்லாம் கஃபேக்காரர்கள் கொண்டுவந்த ஃபேஷன். பாண்டிச்சேரி ஒயிட் டவுன் பக்கம் ஒரு கடையில் வாங்கிப் பார்த்தேன். நடுவில் நாலு உப்புக்கல் குவிந்து கிடக்கிறது, ஓரத்தில் ஒன்றுமே இல்லை. முதல் கடி சப்பென்று இருந்தது, இரண்டாவது கடி கருவாடு. விலையைக் கேட்காதீர்கள்.

டீக்கடை பெஞ்ச்:
ஃபேஷனா? அண்ணா, டீக்கடை கண்ணாடி ஜாடிப் பக்கம் நீங்கள் திரும்பியதே இல்லையா? சால்ட் பிஸ்கட் என்று ஒன்று என் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. நாக்கில் பட்டதும் உப்பு, மெல்ல மெல்ல இனிப்பு, டீயில் நனைத்தால் ரெண்டும் சேர்ந்து வரும். ஐதராபாத்காரர்களின் உஸ்மானியா பிஸ்கட்டும் அதே இனிப்பு-உப்புதான். கஃபேயில் விற்றால் ஃபேஷன், டீக்கடையில் விற்றால் பிஸ்கட்டா?

முதுநகர்க்காரன்:
சால்ட் பிஸ்கட்டை நான் எப்போது குறை சொன்னேன்? அதில் உப்பு மாவோடு சேர்ந்து இருக்கிறது. எங்கே கடித்தாலும் ஒரே அளவு. என் சண்டை மேலே தூவுவதோடு மட்டும்தான்.

திருப்பாதிரிப்புலியூர் அம்மா:
தம்பி முதலில் "இரண்டையும் ஒரே கடியில் திணித்தால்" என்று எழுதினார், இப்போது தூவுவது மட்டும்தான் தப்பு என்கிறார். பரவாயில்லை, பாதி வழி இறங்கி வந்துவிட்டார்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்போது மேல்மாவு கிளற வைக்கும் தண்ணீரில் உப்பும் நல்லெண்ணெயும் விடுகிறோம். உள்ளே வெல்லமும் தேங்காயும் சேர்ந்த பூரணம். அந்த உப்பை மறந்துவிட்டுச் செய்து பாருங்கள், வெல்லம் மட்டும் தனியாகத் திகட்டும். போளிக்கு மாவு பிசையும்போதும் ஒரு சிட்டிகை உப்பு உண்டு. பீச்சில் மாங்காய், அன்னாசி வாங்கினால் உப்பும் மிளகாய்த்தூளும் மேலே தூவித்தானே தருகிறான், உள்ளே ஊசி போட்டு ஏற்றுகிறானா?

அதற்காக உப்பளம் வாசி எழுதியதையும் அப்படியே ஏற்க முடியாது. எந்த உப்பு, எத்தனை என்று சொல்லாமல் "துளி" என்றால் ஆளுக்கு ஆள் துளி மாறும்.

அடுமனை மகன்:
அப்பா 30 வருடமாக பேக்கரி வைத்திருக்கிறார், மாவு மேஜையில் வளர்ந்தவன் நான். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உப்பு இனிப்பைக் கூட்டுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அது முதலில் கசப்பை அமுக்குகிறது. கசப்பு அடங்கியதும் இனிப்பு தூக்கலாகத் தெரிகிறது. ஆகவே டார்க் சாக்லேட், காபித்தூள், நன்றாகச் சிவக்க வறுத்த முந்திரி, கருக்கிய சர்க்கரைப் பாகு, இப்படிக் கசப்பு எட்டிப் பார்க்கும் சரக்கு எதுவோ அதில் உப்புத் தூவினால் பலன் உண்டு. வெறும் வெனிலா வெண்ணெய்க் குக்கீயில் தூவினால் உப்பும் சர்க்கரையும் தனித்தனியாக நாக்கில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கஃபே குக்கீயில் முதுநகர் அண்ணனுக்கு நேர்ந்தது அதுவாகவும் இருக்கலாம். பேக்கரியிலும் நாங்கள் எல்லாவற்றிலும் தூவுவதில்லை.

அப்புறம் அக்கா, நீங்கள் உப்பில்லாத வெண்ணெய் என்று எழுதியதைப் பத்தில் எட்டுப் பேர் கவனிக்க மாட்டார்கள். தெருமுனைக் கடையில் கிடைப்பது ரொட்டிக்குத் தடவும் மஞ்சள் வெண்ணெய். அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. உறையில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். அந்த வெண்ணெயை வாங்கி, பழக்க தோஷத்தில் மாவிலும் ஒரு சிட்டிகை போட்டு, மேலேயும் தூவினால் மூன்று தடவை உப்பு. பிறகு "உப்புக் குக்கீயே ஆகாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

தூவுவதென்றால் தூளுப்பு வேண்டாம், பட்ட இடத்தில் உடனே கரைந்து கரித்துவிடும். கல்லுப்பை ஒன்றிரண்டாகத் தட்டி, சல்லடையில் சலித்துத் தூசியைக் கீழே விட்டுவிட்டு மேலே நிற்கும் குருணையை எடுங்கள். கடுகில் பாதி அளவு இருந்தால் போதும். ஒரு குக்கீக்கு ஐந்தாறு குருணை, கையை ஒரு முழம் உயர்த்தித் தூவினால்தான் பரவும். கிட்டே வைத்துத் தூவினால் நடுவில் குவியும்.

ரெயின்போ நகர் ரத்தக்கொதிப்பு:
எல்லாம் சரி. எங்களை மாதிரி பிபி மாத்திரைக்காரர்களை ஒருத்தரும் நினைக்கவில்லை. இனிப்பாவது உப்பில்லாமல் சாப்பிடலாம் என்று இருந்தோம், அதிலும் மண்.

டீக்கடை பெஞ்ச்:
சார், கணக்கைப் பாருங்கள். உப்பு வெண்ணெயே போட்டதாக வைத்துக்கொண்டால் 2 கிராம், மேலே தூவியது 1 கிராம். இருபது குக்கீக்கு 3 கிராம் என்றால் ஒன்றுக்கு 0.15 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. நாலு சாப்பிட்டாலும் 0.6 கிராம்தான். மத்தியானம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்ட ஊறுகாயை முதலில் விசாரியுங்கள்.

ரெயின்போ நகர் ரத்தக்கொதிப்பு:
நாலோடு நிறுத்துகிறவன் இந்தப் பக்கம் ஏன் வரப் போகிறான்?

பாண்டி டு பாரீஸ்:
கஃபே ஃபேஷன் என்று சொன்னதற்காக வந்தேன். பிரான்ஸில் பிரெட்டனி என்று ஒரு கடலோரப் பகுதி. புரட்சிக்கு முன் அந்த நாட்டில் உப்புக்குக் கடுமையான வரி, அதற்கு கபெல் என்று பெயர். அதிலிருந்து விலக்கு பெற்ற பகுதிகளில் பிரெட்டனியும் ஒன்று. வரி கடுமையாக இருந்த இடங்களில் உப்பு யானை விலை விற்றபோது இவர்கள் வெண்ணெயில் தாராளமாகப் போட்டு வைத்தார்கள். 1790இல் வரி ஒழிந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அங்கே சாப்லே என்ற பிஸ்கட்டை இன்றைக்கும் உப்பு வெண்ணெயில்தான் சுடுகிறார்கள். உப்பு போட்ட கேரமல் மிட்டாயும் அந்த ஊர்ச் சரக்குதான், 1977இல் கிபரோன் என்ற ஊரில் ஒரு மிட்டாய்க்காரர் செய்தது. ஃபேஷன் என்றால் கொஞ்சம் வயசான ஃபேஷன்.

முதுநகர்க்காரன்:
அது பிரெட்டனி ஆள்களுடைய கதை. வரி விலக்கு கிடைத்தது, போட்டார்கள். பாண்டிச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ரொட்டி சுடக் கற்றார்கள், ஆனால் பண்டிகைக்கு என்ன செய்தார்கள்? விவிகம் கேக். ரவை, வெண்ணெய், முந்திரி, ரம். அதன் தலையில் யாராவது உப்புக் குருணை தூவிப் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொரு விஷயம், இதற்கு யாரும் பதில் வைத்திருக்கிறார்களா பார்ப்போம். இது டிசம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியவில்லை. மரக்காணம் பக்கம் போனால் உப்பளப் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கிறது, வெயில் வந்தால்தான் அங்கே வேலை. வீட்டில் உப்பு ஜாடியைத் திறந்தால் கசகசவென்று இருக்கிறது. அப்படிப்பட்ட உப்பைக் குக்கீ மேலே வைத்து, தட்டில் அடுக்கி, பக்கத்து வீட்டுக்கு அனுப்பினால் அவர்கள் பிரிக்கும்போது அது என்ன கதியில் இருக்கும்? நமுத்துப்போன பிஸ்கட்டைப் பண்டிகைக்குக் கொடுக்கிறீர்கள். பிரெட்டனி குளிரில் நடப்பது தேவனாம்பட்டினக் கரையில் நடக்காது.

அடுமனை மகன்:
அண்ணன் இப்போது கேட்டதுதான் கேள்வி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் நம் கரையோரத்தில் அதைத் தாண்டுவது சாதாரணம். கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நசநசக்கும். உப்பு இழுத்த தண்ணீர் குக்கீக்குள் இறங்கும், மேலே வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். நாட்டுச் சர்க்கரை போட்டுச் சுட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம் நமுக்கும், அதுவும் ஈரத்தை இழுக்கிற சரக்கு.

அதற்காக விட்டுவிட வேண்டாம், உப்பின் இடத்தை மாற்றலாம். முந்திரியை ஒரு ஸ்பூன் வெண்ணெயில் சிவக்க வறுத்து, சூடு இருக்கும்போதே இரண்டு மூன்று சிட்டிகை உப்பைப் பிரட்டி, நன்றாக ஆறவிட்டு மாவில் சேருங்கள். உப்பு கொழுப்புக்குள் ஒட்டிக்கொண்டு மாவுக்குள் போய்விடுகிறது, வெளிக்காற்று அவ்வளவு சுலபமாக அதைத் தொடாது. கடிக்கும்போது முந்திரி வரும் இடத்தில் மட்டும் உப்பு வரும்.

மேலேதான் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அன்றைக்குச் சுட்டு அன்றைக்கே கொடுங்கள். சுட்டது முழுசாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள், சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து அதுவே கெடுத்துவிடும். நமுத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி மறுபடி ஆறவைத்தால் மொறுமொறுப்பு திரும்பும்.

இன்னொன்று, நம் ஊர்ச் சூட்டுக்கு வெண்ணெய் நிற்காது. 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். பிடித்து வைத்த மாவு கையில் ஒட்டினால் தயங்காமல் திரும்ப ஃப்ரிட்ஜில் வையுங்கள். இளகிய மாவை உள்ளே வைத்தால் தோசையாகப் பரவும், மேலே இருக்கும் உப்பும் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

உப்பளம் வாசி:
சரி, முந்திரியில் உப்பு. இது பிடித்திருக்கிறது, நாளைக்கே வறுத்துவிடுகிறேன். சாக்லேட் போட்டுச் சுடும் தட்டில் மட்டும் மேலேயும் தூவுவேன், அது வீட்டில் அன்றைக்கே காலியாகிற சரக்கு. பெரியப்பாவுக்கு முந்திரித் தட்டு போகும். உப்பு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

முதுநகர்க்காரன்:
சொல்லாமல் கொடுப்பதுதான் உங்கள் கட்சியின் தைரியமா? முந்திரிக்குள் உப்பு என்றால் எனக்கு ஆட்சேபம் குறைவு, வறுத்த உப்பு முந்திரியை யார் வேண்டாம் என்பார்கள். ஆனால் நான் அந்த முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிடுவேன். இதில் யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வில்லியனூர் புதுசு:
நடுவில் குறுக்கிடுகிறேன். ஓடிஜி இல்லை. குக்கரில் சுட முடியுமா?

திருப்பாதிரிப்புலியூர் அம்மா:
முடியும். குக்கரைவிட அடி கனமான பழைய பாத்திரம் நல்லது, வெறும் சூட்டில் குக்கர் வீணாகும். குக்கர்தான் இருக்கிறதென்றால் கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி பத்து நிமிடம் மிதமான தீயில் சூடேற்றுங்கள். பிறகு குக்கீத் தட்டை வைத்துச் சிறு தீயில் 20 நிமிடம் விட்டுத் திறந்து பாருங்கள், அடுப்புக்கு அடுப்பு மாறும். தட்டு உப்பைத் தொடக் கூடாது. அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு அடுத்த தடவைக்கும் வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு எடுக்காதீர்கள்.

முதுநகர்க்காரன்:
இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன். உப்பு தட்டுக்கு அடியில் இருக்கட்டும்.