அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்கிறது, காசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சின்னமகள்:
அவசரம். ஜீ.எஸ். (கிராம சேவகர்) அலுவலகப் பலகையில் ஒட்டிய பட்டியலில் அம்மாவின் பெயரை நானே பார்த்தேன். வங்கியில் கணக்கும் திறந்தாச்சு. பக்கத்து வளவு அக்காவுக்குக் காசு விழுகிறது, அம்மாவுக்கு ஒரு சதமும் இல்லை. பிரதேச செயலகத்தில் கேட்டால் வங்கியில் கேளுங்கள் என்கிறார்கள். வங்கியில் கேட்டால் செயலகத்துக்குப் போகச் சொல்கிறார்கள். இனி யாரிடம் போவது?

வயல்வரம்பு:
தங்கச்சி, எந்த மாவட்டம்? 2023 முதல் கட்டத்தில் பதிந்ததா, 2024 இல் இரண்டாம் கட்டத்தில் பதிந்ததா? எந்தப் பிரிவு என்று போட்டிருந்தது? பிரிவு நான்கு, தொகையும் நான்கு. வறியவர் பிரிவுக்கு முதலில் 8,500 ரூபாய், 2025 ஜனவரியிலிருந்து 10,000. மிக வறியவர் என்றால் 15,000 இருந்தது 17,500 ஆனது. கணக்கு யாருடைய பெயரில் திறந்தீர்கள், அம்மாவின் பெயரிலா, உங்கள் பெயரிலா? இதெல்லாம் சொன்னால்தான் மேலே ஏதாவது சொல்லலாம்.

பாலைமரம்:
இது லைட் பில் பிரச்சினைதான், வேறொன்றும் இல்லை. எங்கள் பக்கம் எத்தனையோ பேருக்கு மின்சார யூனிட் கூடிப்போச்சு என்று பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். பில்லைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கல்வீடு என்றாலும் வறுமைப் புள்ளி குறையும்.

கச்சேரிக்காரன்:
பாலைமரம், கேள்வியை வாசித்துவிட்டு எழுதுங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். மின்சாரம், வீடு, காணி, கல்வி, உடல்நலம் என்று 22 குறிகாட்டிகளும் பார்த்து முடிந்த பிறகுதான் பெயர் பட்டியலுக்கு வருகிறது. தெரிவில் பிழையென்றால் மேன்முறையீடு. தெரிவாகியும் காசு வராவிட்டால் அது கொடுப்பனவுப் பக்கத்துப் பிழை. இரண்டுக்கும் வேறு வேறு மேசை. இங்கே பலமுறை எழுதிவிட்டேன், பழைய இழைகளை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

பாலைமரம்:
சரி, தெரிவு முடிந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்வீட்டுக் கதையை லேசாக விடமுடியாது. யுத்தம் முடிந்த பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபாய் கொடுத்தார்கள். அது போதாமல் தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் எத்தனையோ பெண்கள் கூரை போட்டு முடித்தார்கள். இப்போது கணக்கெடுக்க வருகிறவர் சுவரைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், அடகுத் துண்டைப் பார்ப்பதில்லை. கணவன் இல்லாமல் பிள்ளைகளோடு இருக்கிறவளுக்கு அந்த வீடே எதிராக நிற்கிறது. கொழும்பில் போட்ட அளவுகோலை வன்னிக்கு அப்படியே கொண்டுவந்தால் வேறு என்ன நடக்கும்?

குளக்கட்டு:
முற்றிலும் உண்மை. தங்கச்சி, உங்கள் வட்டாரத்துப் பிரதேச சபை உறுப்பினரைப் பிடியுங்கள். 2025 மே தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தவர்கள்தானே, வேலை செய்யட்டும்.

கச்சேரிக்காரன்:
பிரதேச சபைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சபை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. வீதி, சந்தை, குப்பை, தெருவிளக்கு அதன் வேலை. அஸ்வெசும மத்திய அரசின் நலன்புரி நன்மைகள் சபைக்குக் கீழ் வருகிறது. ஊரில் அந்த வேலை நடக்கும் இடம் பிரதேச செயலகம். உறுப்பினருக்கு அந்தக் கணினியைத் திறக்கவே முடியாது.

குளக்கட்டு:
கணினியைத் திறக்கச் சொல்லவில்லை ஐயா. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குச் சபைத் தவிசாளரும் போகிறார், பிரதேச செயலாளரும் இருக்கிறார். அங்கே ஒரு உறுப்பினர் சொல்லித் தவிசாளர் கேட்டால் கோப்பு நகரும். ஊரில் எது நகருகிறது, எப்படி நகருகிறது என்று எங்களுக்கும் தெரியும்.

கச்சேரிக்காரன்:
ஆள் பிடித்துக் கோப்பை நகர்த்தும் பழக்கம்தான் ஆள் இல்லாதவரின் கோப்பை அடியில் போடுகிறது. உரிமையை உரிமையாகக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

வயல்வரம்பு:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை காசு வராமல் நிற்கிறது, அதைப் பார்ப்போம். சின்னமகள், நான் கேட்டதற்குப் பதில்?

சின்னமகள்:
மன்னிக்கவும், சிக்னல் இல்லை. முல்லைத்தீவு மாவட்டம். பதிந்தது 2024 இல், வறியவர் பிரிவு. கணக்கு அம்மாவின் பெயரில்தான். அம்மாவின் பழைய அடையாள அட்டை இறுதி யுத்தத்தில் போய்விட்டது. அந்த எண் மட்டும் குடும்ப அட்டையில் இருந்தது, படிவத்தில் அதைத்தான் எழுதினோம். பிறகு புதிய அட்டை கிடைத்தது. வங்கிக்கு அதைக் கொண்டுபோனோம்.

வயல்வரம்பு:
இதை முதலே சொல்லியிருந்தால் லைட் பில்லுக்குப் போயிருக்க மாட்டோம்! இரண்டு எண்ணையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். பழையதில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் இருக்கும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழைய எண்ணின் முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய எண் வரவேண்டும். வராவிட்டால் படிவத்தில் ஒரு இலக்கம் மாறி விழுந்திருக்கிறது. வந்தாலும், செயலகப் பதிவில் ஒரு எண்ணும் வங்கியில் இன்னொரு எண்ணும் இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கத்தான் வேண்டும். பெயரையும் பாருங்கள். அப்பாவின் பெயர் முன்னால் முழுதாகவா, முதலெழுத்தாகவா? வங்கிப் புத்தகத்தில் எப்படி, படிவத்தில் எப்படி?

கச்சேரிக்காரன்:
வயல்வரம்பு சொல்வது சரி. ஒன்று சேர்க்கிறேன். வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டாம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் இரண்டுக்கும் போட்டோகொப்பி எடுங்கள். பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற இலக்கத்துக்கும் அழைத்துப் பதிவு செய்யலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கொடுப்பனவு எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தருகிறாரா மறுக்கிறாரா என்று முடிவு சொல்லவேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

பாலைமரம்:
அந்தக் கடிதத்தில், அப்பா இல்லாத குடும்பம், அம்மாதான் தலைவி என்பதையும் போடுங்கள்.

கச்சேரிக்காரன்:
வேண்டாம். எண் திருத்தக் கடிதத்தில் வேறு கதை ஏறினால் அது வேறு மேசைக்குப் போய்விடும். ஒரு கடிதம், ஒரு விஷயம்.

குளக்கட்டு:
இதில் மட்டும் ஐயாவோடு ஒத்துப்போகிறேன்.

சின்னமகள்:
எண்தான். ஏழாவது இலக்கம் 1 என்று இருக்கவேண்டிய இடத்தில் 7 என்று ஏற்றியிருக்கிறார்கள். கடிதம் கொடுத்தாச்சு, மேலே அனுப்புகிறோம் என்றார்கள். காசு இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் நன்றி.

வயல்வரம்பு:
நல்லது தங்கச்சி. முத்திரை குத்திய பிரதி கையில் இருக்கிறதா? இடைப்பட்ட மாதங்களின் நிலுவையையும் கேட்டு எழுதினீர்களா?