முன் பிரேக் மட்டும் உள்ள சைக்கிள் ஓட்டுகிறவர்களே, லீவர் வலதா இடதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை மிதிவண்டி:

ஆரோவில்லில் இருந்து ஊருக்குக் கிளம்பிய ஒருவரிடம் ஒரு ஃபிக்ஸி வாங்கினேன். தெரியாதவர்களுக்காக: இந்த வண்டியில் பின்சக்கரத்துக்கு ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் ஓடும்வரை பெடலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், கால் சும்மா இருக்க முடியாது, பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தினால் பின்சக்கரம் வேகம் குறையும். அதனால் பின்னால் பிரேக் வைக்கவில்லை, ஃப்ரேமில் அதற்கு ஓட்டைகூடப் போடவில்லை. முன் ஃபோர்க்கில் ஒரு காலிப்பர் (ரிம்மை இரு பக்கமும் இடுக்கி மாதிரிக் கவ்வுகிற பிரேக்), ஹேண்டில்பாரில் ஒரு லீவர், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1983இல் வந்த விதிகளே ஃபிக்ஸிக்கு முன் பிரேக் ஒன்று போதும் என்கின்றன. ஃப்ரீவீல் வண்டிக்கு அங்கேயும் இரண்டு பிரேக் வேண்டும்.

நான் கேட்க வந்தது லீவரைப் பற்றி. வாங்கும்போதே அது இடது கைப் பக்கம் இருந்தது. அமெரிக்கக்காரர்களுக்கு அதுதான் பழக்கம், அங்கே முன் பிரேக் இடது கையில். நமக்கு நேர் எதிர். தாத்தா காலத்து 24 இஞ்ச் கம்பி பிரேக் சைக்கிளில் இருந்து இன்றைய ஸ்கூட்டர் வரை முன் பிரேக் வலது கைதான். பார்த்தவர்கள் எல்லாரும் "மொதல்ல அத வலது பக்கம் மாத்து" என்கிறார்கள்.

நான் மாற்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன். ஈசிஆரில் வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் எந்தக் கையை நீட்டுவோம்? வலது கையை. பின்னால் பஸ் வருகிறது, எதிரில் கார் வருகிறது, நடுரோட்டில் நிற்கிறோமா போகிறோமா என்று தெரியாத அந்த நேரத்தில் ஒரே பிரேக்கும் நீட்டிய கையின் பக்கம் இருந்தால் வண்டியை எதை வைத்து நிறுத்துவது? கால் இருக்கிறது என்பார்கள். பின்சக்கரத்தை மட்டும் நம்பி நிறுத்துகிற தூரம் முன் பிரேக்கில் நிறுத்துகிற தூரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய்ந்த நல்ல ரோட்டில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் முன் பிரேக் பிடித்த இடத்தில் இருந்து மூன்று மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடலாம், பின்சக்கரம் மட்டும் என்றால் ஆறு மீட்டர் தாண்டிவிடும். நிறுத்தும்போது எடை முழுக்க முன்னால் சாய்ந்துவிடுகிறது, பின்சக்கரம் தரையை லேசாகத் தொட்டபடி வழுக்குகிறது, அதுதான் காரணம்.

உங்கள் வண்டிகளில் எப்படி வைத்திருக்கிறீர்கள், என்ன நடந்தது, எழுதுங்கள்.

கோரிமேடு:

வலது. பைக் ஓட்டுகிறவன் நான், பயத்தில் கை தானாக வலது பக்கம்தான் இறுகும். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது நண்பரே. கோரிமேட்டில் இருந்து டவுன் பக்கம் இறங்கும்போது ஆட்டோ குறுக்கே வந்தால் சிக்னல் காட்டிக்கொண்டா இருப்போம்?

ஓ.டி. காரன்:

ஃபிக்ஸி எல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் கடலூர் முதுநகரில் முன் பிரேக் மட்டும் உள்ள சைக்கிள்தான் பாதி. யாரும் திட்டம் போட்டு அப்படி ஓட்டவில்லை. கம்பி பிரேக் வண்டியில் பின் பிரேக்குக்குப் போகிற கம்பி நீளம், நடுவில் இரண்டு மூன்று மூட்டு, ஒரு மூட்டில் நட் கழன்றாலும் பிரேக் போய்விடும், கடகட என்று சத்தம் வேறு. மீன் கூடை கட்ட பெரிய கேரியர் போடும்போது அந்தக் கம்பி இடைஞ்சல் என்று கழற்றி வீசிவிடுவார்கள். முன் பிரேக் கம்பி நேராக இறங்குகிறது, அது கெடுவதில்லை.

கெட்டது என்னவென்றால் கம்பியைக் கழற்றுகிறவர்கள் லீவரைக் கழற்றுவதில்லை. இடது பக்கம் லீவர் அழகாக அப்படியே இருக்கும். அழுத்தினால் உள்ளே வரும், ஸ்பிரிங்கூட இருக்கும், எதையும் பிடிக்காது. என் மச்சான் வெளியூர்க்காரர், விசேஷத்துக்கு வந்தவர் சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கேப்பர் மலைப் பக்கம் போயிருக்கிறார். அந்த இறக்கம் கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், பார்க்கச் சாதாரணமாக இருக்கும், பாதியில்தான் வேகம் பிடிக்கும். முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவாய் என்று சின்ன வயதில் யாரோ சொல்லி வைத்ததால் மச்சானுக்கு எப்போதும் இடது லீவர்தான். அழுத்துகிறார், அழுத்துகிறார், ஒன்றும் இல்லை. கடைசியில் செருப்புக் காலை முன் டயரில் வைத்துத் தேய்த்து, செம்மண் ஓரத்தில் இறக்கி, முள்ளுச் செடிக்குள் போய் நின்றார். செருப்பின் அடி பாதி தேய்ந்து போயிருந்தது, முழங்கையில் சிராய்ப்பு. நல்லவேளை அவ்வளவோடு போயிற்று. சித்தப்பாவோ "நான் சொல்றதுக்குள்ள கௌம்பிட்டாரு" என்று முடித்துக்கொண்டார்.

வேலை செய்யாத லீவரை வண்டியில் விடாதீர்கள். வீட்டில் நாலு பேர் எடுக்கிற வண்டி என்றால் கட்டாயம்.

முத்தியால்பேட்டை மிதிவண்டி:

ஓ.டி. அண்ணே, ஃபிக்ஸி ஆட்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். வளைந்த டிராப் ஹேண்டில்பாரில் லீவரின் ரப்பர் தலையில்தான் கையை ஊன்றி ஓட்ட வேண்டும், அதனால் ஒரு பக்கம் வேலை செய்கிற லீவர், இன்னொரு பக்கம் கை வைக்க மட்டும் பொம்மை லீவர். பொம்மையாக இருக்கட்டும், அதன் அழுத்துகிற நாக்கைக் கழற்றிவிட்டு ரப்பர் தலையை மட்டும் விட வேண்டும். நாக்கோடு விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

மஞ்சக்குப்பம் சைக்கிள் கடை:

கடையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வலதா இடதா என்று பேசுவதற்கு முன் அந்த லீவர் அந்த பிரேக்குக்கு உரியதா என்று பாருங்கள். நீளக் கைகள் இரண்டு ரிம்மின் இரு பக்கமும் நிற்கிற வி பிரேக்குக்கு கேபிள் நிறைய இழுபட வேண்டும், காலிப்பருக்கு அதில் ஏறக்குறைய பாதி போதும். லீவரும் அதற்கேற்ப இரண்டு வகை. வெளியில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

காலிப்பர் லீவரை வி பிரேக்கில் போட்டால் லீவர் ஹேண்டில்பாரில் வந்து முட்டிவிடும், பிரேக் கட்டை ரிம்மைத் தொட்டது போலவும் இருக்கும் தொடாதது போலவும் இருக்கும். வி பிரேக் லீவரைக் காலிப்பரில் போட்டால் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், "பிரேக் சூப்பரா இருக்கு" என்று சந்தோஷமாகப் போவார்கள், ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் பிடி வராது. இந்த இரண்டாவது கேஸ்தான் ஆபத்து, ஏனென்றால் கையில் நன்றாக இருப்பதாகத் தோன்றும். இரண்டு பிரேக் உள்ள வண்டியில் இன்னொன்று காப்பாற்றும். உங்கள் வண்டியில்?

ஒரு வாடிக்கையாளர் காலேஜ் பையன், புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் ஒரு லீவர் வாங்கி அவரே மாட்டிக்கொண்டு வந்தார். கேபிள் நுனியில் உள்ள குமிழ் லீவர் குழிக்குள் சரியாக உட்காரவில்லை. ரோடு சைக்கிள் லீவருக்குப் பேரிக்காய் வடிவக் குமிழ், தட்டையான ஹேண்டில்பார் லீவருக்கு உருளைக் குமிழ். அவர் ஒன்றை அரத்தால் தேய்த்து இன்னொன்றில் திணித்திருந்தார். கையில் பிடித்துப் பார்த்தேன், இழைகளில் பாதி அறுந்து முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. தேவனாம்பட்டினம் பீச் வரை போய் வந்திருக்கிறார் அதை நம்பி. குமிழைத் தேய்க்காதீர்கள் தயவுசெய்து. இரண்டு முனையிலும் இரண்டு வகைக் குமிழ் வைத்த கேபிளே கிடைக்கிறது, வேண்டாததை வெட்டிவிட்டால் தீர்ந்தது.

அப்புறம் பல லீவரில் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் லீவர் ஹேண்டில்பாருக்குக் கிட்டே வரும். சின்னக் கை உள்ளவர்களுக்கு ஒரே பிரேக் வண்டியில் அது முக்கியம். விரல் நுனி மட்டும் எட்டுகிற லீவரில் பலம் வராது. கிட்டே கொண்டுவந்த பிறகு கேபிளையும் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முழுதாக அழுத்துவதற்குள் ஹேண்டில்பாரில் முட்டும்.

குருசுக்குப்பம்:

எங்கள் அப்பா பாண்டியில் ரிக்‌ஷா ஓட்டினார். சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் முன்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக், இதை இங்கே யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். வலது கையில் ஒரே லீவர். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று மீட்டர் கணக்கெல்லாம் அதற்குப் பொருந்தாது. ஆள் உட்காருவது பின் அச்சுக்கு மேலே. இரண்டு பேரும் ஒரு மூட்டையும் ஏறினால் எடை முழுக்கப் பின்னால், முன்சக்கரத்தில் பாரமே இல்லை. பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. மழை நாளில் திருப்பத்தில் அழுத்தினால் ஹேண்டில்பார் திரும்பியிருக்கும், வண்டி நேராகப் போகும். அதனால் அப்பா பிரேக்கை நம்பியே ஓட்டமாட்டார், முனைக்கு ரொம்ப முன்னாலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டு மணியை அடிக்க ஆரம்பித்துவிடுவார்.

லீவர் அவருக்குப் பயன்பட்டது வண்டி நிற்கும்போதுதான். பழைய ட்யூபில் இருந்து ஒரு வளையம் வெட்டி ஹேண்டில் பிடியில் மாட்டி வைத்திருப்பார். சவாரி இறங்கும்போது லீவரை அழுத்தி அந்த வளையத்தை லீவர் மேல் இழுத்து மாட்டிவிட்டால் வண்டி உருளாது. வயதானவர்கள் ஏறி இறங்கும்போது கட்டாயம் மாட்டுவார். உங்கள் ஃபிக்ஸிக்கும் இதைச் செய்யலாம், சுவரில் சாய்த்தால் முன்சக்கரம் உருண்டு சரிந்து விழுகிறதே, அதற்கு நல்லது.

திருப்பாப்புலியூர் அக்கா:

நான் சொல்வது பள்ளிக்கூட சைக்கிள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த வண்டி, பின் பிரேக் கேபிள் அறுந்து போய் என் பெண் பல நாள் முன் பிரேக்கோடு மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள், எனக்குச் சொல்லவில்லை. மார்க்கெட்டில் இருந்து வரும்போது காய்கறிப் பையை எல்லாரும் எங்கே மாட்டுகிறோம்? லீவரில். பை கனம், ரோட்டில் பள்ளம், பை குதித்து லீவரை இழுத்தது, முன்சக்கரம் கவ்விக்கொண்டது. திரும்பிக்கொண்டிருந்த நேரம் என்பதால் மெதுவாகத்தான் போனாள், பக்கவாட்டில் சாய்ந்தாள், தக்காளிதான் போயிற்று. பையைக் கேரியரில் கட்டு என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கிறது. இப்போது ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு கூடை வைத்துக் கொடுத்துவிட்டேன், பின் பிரேக் கேபிளும் மாற்றியாயிற்று. ஃப்ரீவீல் உள்ள வண்டியை ஒரு பிரேக்கோடு ஓட்டுவதை ஏதோ சாமர்த்தியம் மாதிரிப் பேசாதீர்கள் தம்பிகளே.

கோரிமேடு:

அக்கா சொல்வது சரி. ஃபிக்ஸிக்கும் செயின் கழன்றுவிட்டால் அதே கதிதான். செயின் தொங்கினால் உடனே பின்சக்கரத்தை இழுத்து இறுக்க வேண்டும், பெடலில் கால் பட்டையும் வேண்டும். பட்டை இல்லாமல் காலால் எதிர்த்து அழுத்தினால் கால் நழுவி பெடல் முழங்காலுக்குக் கீழே அடிக்கும்.

முத்தியால்பேட்டை மிதிவண்டி, இன்னொரு வழி இருக்கிறது. கிராஸ் லீவர் என்று ஒன்று. அதில் கேபிள் முடிவதில்லை, நடுவழியில் புகுந்து போகிறது, அழுத்தினால் வெளி உறையைத் தள்ளி அதன் மூலம் பிரேக்கை இழுக்கும். மெயின் லீவரை வலது பக்கம் வைத்து, கேபிளை இடது பக்கம் கொண்டுபோய் கிராஸ் லீவருக்குள் விட்டு, அங்கிருந்து காலிப்பருக்கு இறக்கியிருக்கிறேன். ஒரே பிரேக், இரண்டு கையிலும் லீவர். சிக்னலும் காட்டலாம், பயத்தில் வலது கையும் இறுக்கலாம். கேபிள் வளைவு அதிகம் என்பதால் கொஞ்சம் கனமாக இருக்கும்.

முத்தியால்பேட்டை மிதிவண்டி:

இது நன்றாக இருக்கிறதே. என் ஹேண்டில்பார் தட்டை வகை, பிடிக்கிற இடம் 22.2 மி.மீ., கிராஸ் லீவர் பெரும்பாலும் பெரிய அளவுக்குத்தானே வருகிறது?

மஞ்சக்குப்பம் சைக்கிள் கடை:

சின்ன அளவும் வருகிறது, கேட்டு வாங்குங்கள். ரப்பரைச் சுற்றிப் பெரியதை மாட்டாதீர்கள், அழுத்தும்போது சுழலும். கேபிள் ஸ்டெயின்லெஸ் போடுங்கள், அத்தனை வளைவோடு கடல் காற்றில் சாதாரணக் கேபிள் உறைக்குள்ளேயே துரு ஏறிச் சிக்கிவிடும், அழுத்தினால் பிடிக்கும், விட்டால் திரும்ப வராது. மாட்டியதும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், உறை இழுபட்டால் நீளம் போதாது. குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் மழையில் எந்த லீவரும் உதவாது, அலுமினிய ரிம்தானே?

முத்தியால்பேட்டை மிதிவண்டி:

அலுமினியம்தான். சனிக்கிழமை மஞ்சக்குப்பம் வருகிறேன், கடை எத்தனை மணி வரை?

மஞ்சக்குப்பம் சைக்கிள் கடை:

எட்டு மணி வரை. வரும்போது ஒரு கையால் சிக்னல் காட்டிக்கொண்டே வாருங்கள், கோரிமேட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்.