கொடி ஊரும் காட்சிக்கு ஒரு யோசனை வேண்டும்

நண்பர்களே, காடு மனிதர்களைத் திருப்பித் தாக்குவதாக ஒரு திகில் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கிராபிக்ஸ் செய்யக் கையில் காசில்லை. தூங்குகிறவளின் கணுக்காலைக் கொடி சுற்றும் காட்சிக்கு, முதலிலேயே கொடியைச் சுற்றிவிட்டு, தூண்டில் நரம்பு கட்டி மெல்ல இழுத்துப் படம்பிடித்தோம். அதைப் பின்னோக்கி ஓட்டினால் கொடி உயிரோடு ஊர்கிறது! நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டியதில் வேகமும் சரியாக வந்தது. ஆனால் படம்பிடிக்கும்போது பின்னணியில் உதிர்ந்த ஓர் இலை மேலே பறந்துபோய்க் கிளையில் ஒட்டிக்கொள்கிறது. மொத்த பயமும் அங்கே போய்விடுகிறது.

மறுபடி எடுக்காமல் இதை மறைக்க வழி உண்டா? அப்புறம், சத்தம். பழைய காசெட் நாடாவைக் கசக்கினால் புல் சரசரப்பு கிடைக்கிறது. கொடி இறுகும் ஒலிக்கு எதைப் பயன்படுத்தலாம்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.