மூன்றாம் வகுப்பு ஆங்கிலம்: பாட வீடியோவை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பலாமா?

சாக்பீஸ்:
40 நிமிஷப் பீரியடில் புதுச் சொற்களை அறிமுகப்படுத்தவே பாதி நேரம் போய்விடுகிறது. அதை வீடியோவாக்கி முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டால், மறுநாள் பிள்ளைகள் பேச நேரம் கிடைக்கும். ஒரு வீடியோவுக்கு ஆறு சொல், 'ஐ லைக் மேங்கோஸ்' மாதிரி ஒரே வாக்கியம், மூன்று நிமிஷம். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நாலு விநாடி மௌனம். அந்த இடைவெளியில் பிள்ளை திருப்பிச் சொல்லும்.

மலைக்கோட்டை:
சொல்லும். எப்படிச் சொல்லும்? 'புக்' புக்கு ஆகும், 'ஸ்கூல்' இஸ்கூல் ஆகும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, 'ஸ்க்' மாதிரி மெய்க்கூட்டில் தொடங்காது. நாக்கு தானாகவே ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்ளும். திருத்த ஆளில்லாமல் பத்துத் தடவை சொன்னால் தப்புதான் பழகும். 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற ஆசிரியர்கள் இருவரும் இப்படி வீடியோவை முன்னதாகவே வீட்டில் பார்க்க வைக்கும் முறையைக் கையாண்டது உயர்நிலைப் பள்ளி வேதியியலுக்கு. குறிப்பெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். எட்டு வயசுக்கு அதையே போட்டால் எப்படி, சார்?

சாக்பீஸ்:
முகம் முழுக்கக் காட்டாமல் வாயை மட்டும் அருகில் எடுங்கள். 'ஃபேன்' சொல்லும்போது மேல்பல் கீழுதட்டில் படுவது தெரிய வேண்டும். 'பென்', 'பெட்' இரண்டுக்கும் நம்மிடம் ஒரே 'ப'. உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் எழுதுகிற பென்னுக்கு அது ஆடும், படுக்கிற பெட்டுக்கு அவ்வளவாக ஆடாது. இதைப் பிள்ளை வீட்டிலேயே தனியாகச் சோதித்துப் பார்க்கலாம்.

மலைக்கோட்டை:
போன் இருந்தால் சோதிக்கும். அது அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்கு வரும், பிள்ளை தூங்கியிருக்கும். 30 பேரில் பத்துப் பேர் பார்க்காமல் வந்தால் வகுப்பில் மறுபடி போட்டே ஆக வேண்டும். பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைக் கவனிப்பார்கள்: பார்க்காவிட்டாலும் ஒன்றும் நஷ்டமில்லை என்று. அடுத்த வாரம் அவர்களும் பார்க்க மாட்டார்கள். இந்த முறை படுப்பது இங்கேதான்.

ஒலிப்பெட்டி:
வீட்டுக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? வகுப்பு மூலையிலேயே வைக்கலாமே. மூன்று குழு, குழுவுக்குப் பத்துப் பேர், 12 நிமிஷத்துக்கு ஒரு மாற்றம். ஒரு மூலையில் வீடியோ, ஒன்றில் படஅட்டை, மூன்றாவதில் ஆசிரியரோடு பேச்சு. ஈராசிரியர் பள்ளியில் பல வகுப்பு ஒரே அறையில் உட்காரும்போது இது இன்னும் பொருந்தும்.

சாக்பீஸ்:
பத்துப் பேருக்கு ஒரு போன் என்றால் பின்னால் இருப்பவருக்கு வாய் எங்கே தெரியப்போகிறது? ஐந்து பேருக்கு ஒன்றாவது வேண்டும். ஸ்பீக்கர் வைத்தால் பக்கத்துக் குழுவின் பேச்சு அமுங்கிவிடும்.

ஒலிப்பெட்டி:
அப்படியானால் வீடியோ குழுவுக்கு ஐந்து பேருக்கு ஒன்றாக இரண்டு போன், தனி ஸ்பீக்கர் இல்லாமல். வீடியோவை முன்கூட்டியே இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டு, வேறு ஆப் திறக்காதபடி ஸ்கிரீன் பின் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது நிமிஷம் விளையாட்டு திறந்திருக்கும்.

மலைக்கோட்டை:
இதற்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வீடியோ மூலைக்கு அடுத்து பேச்சு மூலைதான் வர வேண்டும். நடுவில் படஅட்டை வந்தால் 'புக்கு' அங்கேயே உறுதியாகிவிடும்.

ஒலிப்பெட்டி:
மூன்று குழுவும் சுற்றில்தானே போகிறது மேடம்? வீடியோ, பேச்சு, அட்டை என்று சுற்றினாலும் பேச்சில் தொடங்குகிற குழு வீடியோ பார்க்காமலேதான் உங்களிடம் வரும்.

மலைக்கோட்டை:
அந்தக் குழுவுக்கு அன்றைக்கு முந்தின பாடத்துச் சொற்களைக் கொடுங்கள்.