‘கொடுக்கிணைப்பு’ என்ற சொல்லின் பொருள் என்ன?

வினா:
வேதியியலில், நடுவிலுள்ள உலோக அயனியைப் பிற மூலக்கூறுகளோ அயனிகளோ சூழ்ந்து பிணைந்திருக்கும் அணைவுச் சேர்மங்கள் பற்றிய பாடத்தில் ‘கொடுக்கிணைப்பு ஈனி’ என்ற சொல் வருகிறது. ஈனி, அதாவது அவ்வாறு சூழ்ந்து பிணையும் மூலக்கூறு அல்லது அயனி, தன் எலக்ட்ரான் இரட்டையை உலோக அயனிக்குக் கொடுப்பதால், ‘கொடு’ என்ற வினையிலிருந்தே இச்சொல் பிறந்திருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அம்மோனியாவும் அவ்வாறே கொடுக்கிறது. அதை யாரும் கொடுக்கிணைப்பு ஈனி என்பதில்லை. அப்படியானால் இச்சொல் எதைக் குறிக்கிறது?

மறுமொழி 1:
ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. கொடுத்தலைச் சொல்ல ‘ஈதல் சகப்பிணைப்பு’ என்ற அழகிய சொல் நம்மிடம் உண்டு. இங்கே வருவது நண்டின் கொடுக்கு. 1920இல் மார்கன், ட்ரூ என்ற இரு வேதியியலர், ஓட்டுடலிகளின் பெரிய கொடுக்கைக் குறிக்கும் ‘கீலே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கீலேட்’ என்ற பெயரை அமைத்தனர். அதே உருவகம் தமிழிலும் நிற்கிறது. எத்திலீன் டைஅமீனைத் தாளில் வரைந்து பாருங்கள்: இரு முனைகளிலும் ஒவ்வொரு நைட்ரஜன், நடுவே இரண்டு கார்பன். அந்த இரு நைட்ரஜன்களும் ஒரே நிக்கல் அயனியை இருபுறமும் கவ்வும்போது, நிக்கலையும் சேர்த்து ஐந்து அணுக்கள் கொண்ட வளையம் மூடிக்கொள்கிறது. ஒரே நைட்ரஜன் உள்ள அம்மோனியாவால் பற்ற முடியுமே தவிர இடுக்க முடியாது.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் ‘ஒரே’ என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். 4,4′-பைபிரிடீனிலும் இரண்டு நைட்ரஜன்கள் உண்டு. ஆயினும் அவை எதிரெதிர்க் கோடிகளில் விறைப்பாக நிற்பதால் ஒரே அயனியை எட்ட முடியாமல், இரண்டு அயனிகளுக்கு நடுவே பாலமாக மட்டுமே அமைகின்றன. மூடிய வளையம் இல்லையென்றால் அது கொடுக்கிணைப்பு ஆகாது.

வினா கேட்டவர்:
மிக்க நன்றி. இவ்வாறு கவ்வுவதால் பிணைப்பு உண்மையிலேயே வலுப்பெறுகிறதா, அல்லது கொடுக்கு என்பது வடிவத்தை மட்டும் சொல்லும் உவமையா?

மறுமொழி 1:
தனித்தனி நிக்கல்–நைட்ரஜன் பிணைப்பின் வலிமையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் முழு அணைவின் நிலைப்புத்தன்மை வியக்கத்தக்க அளவில் உயர்கிறது. நிக்கலைச் சூழ்ந்த ஆறு நீர் மூலக்கூறுகளை ஆறு அம்மோனியா வெளியேற்றினால் துகள்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. மூன்று எத்திலீன் டைஅமீன் அதே ஆறு நீரை வெளியேற்றும்போதோ நான்கு துகள்கள் ஏழாகின்றன, என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) கூடுகிறது; இதனால் ஒட்டுமொத்த நிலைப்பு மாறிலியும் (அணைவு எவ்வளவு உறுதியாக நிலைக்கும் என்பதைக் காட்டும் எண்), அம்மோனியா அணைவோடு ஒப்பிட, பல நூறு கோடி மடங்கு பெரிதாகிறது. மேலும், ஒரு முனை கழன்றாலும் மறுமுனை பிடித்திருப்பதால், கழன்ற நைட்ரஜன் தொலைவில் போய்விடாமல் மீண்டும் வந்து பற்றிக்கொள்கிறது.